கிணற்று நீரில் நைத்திரேற்று: அளவும் தீங்கும்

மருதனார்மடச் சந்தைக்கு வரும் வெங்காயமும் மரக்கறியும் பெரும்பாலும் வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று இறைப்பினால் விளைவன. சுண்ணாம்புப் பாறை வெடிப்புக்களில் தங்கும் மழைநீரே அங்கு தோட்டத்திற்கும் குடிப்பதற்கும் உதவுகின்றது. பயிர் உண்ணாது எஞ்சிய யூரியா நைத்திரேற்றாக மாறி அவ்வெடிப்புக்களின் வழியே இறங்கும். மலசலகூடக் குழிகளும் இதற்குத் துணைபோகின்றன. 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகளில், குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை கடந்திருக்கக் காணப்பட்டது.

அவ்வெல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் இதனை விதித்தது, புட்டிப்பால் அருந்தும் சிசுக்களின் உடல் நீலம் பாரிக்கும் நோயைக் கருதியேயாம். நெற்பயிர் ஓரளவு உவரைத் தாங்கி, அதற்கு மேலேயே விளைச்சல் குன்றுவதுபோல, அந்நோய்க்கும் ஓர் எல்லை உண்டு.

புற்றுநோயின் கணக்கு வேறு. நைத்திரேற்றின் ஒரு பகுதி வாயில் நைத்திரைற்றாகி, இரைப்பையில் உணவிலுள்ள அமீன்களுடன் கூடி நைத்திரோசமீன்களைத் தோற்றுவிக்கக்கூடும். இங்கிலாந்தில் 4080 எலிகளுக்கு நைத்திரோசமீன் கலந்த நீரூட்டி நடத்திய ஆய்வு 1991இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி, லீற்றருக்கு 1 மில்லிகிராம் கலந்தால் நூற்றுக்கு 25 எலிகளுக்கு ஈரற் கட்டி உண்டாகும், 0.1 மில்லிகிராமிற்கு ஆயிரத்திற்கு 25, 0.01 மில்லிகிராமிற்குப் பதினாயிரத்திற்கு 25. தீங்கு அற்றுப்போகும் எல்லை எதுவும் தென்படவில்லை. விதைநெல்லிற் கலந்த களைவிதையும் இத்தகையதே: பத்து விதை குறைந்தால் களையும் அவ்வளவிற் குறையும், ஒன்றே எஞ்சினும் அது முளைக்கக்கூடும்.

எலிகளுக்கு ஊட்டப்பட்டது நைத்திரேற்று அன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். இரைப்பையில் எவ்வளவு நைத்திரோசமீன் உண்டாகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்; விற்றமின் சி அதனைத் தடுக்கும். ஆகவே இன்ன கிணற்றால் இத்தனை பேருக்கு நோய் எனக் கூறுதல் இயலாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் 2010இல், இம்மாற்றம் நிகழும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவிலேயே சேர்த்தது. எனினும் நேர்கோட்டுக் கணக்கை ஏற்போர்க்கு 49 மில்லிகிராம் முழுக் காவலன்று. 80 மில்லிகிராமை 60 ஆக்குவதும் வீண் முயற்சியன்று.

50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைத்திரசன் உண்டு. அதில் ஒரு கிலோ மட்டும் நைத்திரேற்றாய் நிலத்தடியை அடைந்தால், நைத்திரேற்றே இல்லாத 88,000 லீற்றர் நீரை 50 மில்லிகிராம் எல்லைக்கு ஏற்றிவிடும். மண் பரிசோதனைப்படி, பயிருக்கு வேண்டும் காலத்தில், யூரியாவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடுக. இட்டபின் மிகையாக இறைத்தலும், பெருமழைக்கு முன் இடுதலும் ஆகா; பணமும் பசளையுமே கிணற்றிற்குள் போகும்.

குடிநீர்க் கிணற்றைச் சோதிப்பித்து, எல்லை கடந்திருப்பின் சிசுவின் பாலுக்கு வேறு நீர் பெறுக. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற அதன் செறிவு கூடும்.