கோஜிக் அமிலமும் முகத்துக் கருந்திட்டும்

தோசை மாவு ஓர் இரவில் பொங்கிப் புளிப்பது நுண்ணுயிர்களின் வேலை. முகத்தில் படரும் கருந்திட்டைக் குறைக்கும் ஒரு பொருளும் அத்தகைய நொதித்தலிலிருந்தே கிடைத்தது.

ஜப்பானியர் ‘சாக்கே’ எனும் அரிசி மது தயாரிக்க, வேகவைத்த அரிசியில் ‘கோஜி’ எனும் பூஞ்சையை வளர்ப்பர். 1907ஆம் ஆண்டு அங்கு அந்தப் பூஞ்சையிலிருந்து கண்டறியப்பட்டதே கோஜிக் அமிலம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் எனும் நொதி தேவை. அந்த நொதி இயங்கச் செம்பு தேவை. கோஜிக் அமிலம் செம்பைப் பற்றிக்கொள்வதால் மெலனின் உற்பத்தி குறைகிறது. அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடினும் இதே நொதியைத் தடுக்கும்.

மூலிகைச் சாற்றை ஏன் நொதிக்க வைக்கிறார்கள்? பல தாவரப் பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்திருக்கும். நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை வெட்டி, மற்றப் பகுதியைத் தனியே விடுவிக்கின்றன.

இயற்கை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடாது. கோஜிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியம் முகம், கைகளுக்கான கிரீம்களில் 1 விழுக்காட்டுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. பலன் தெரியவும் பல வாரங்கள் ஆகும்.

சில நாளிலேயே முகம் வெளுத்தால் சந்தேகப்படுங்கள். பாதரசமும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் அது தோல்வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலேசியாவில் சுகாதார அமைச்சின் அறிவிக்கை எண் இல்லாத கிரீமை, பாசார் மாலாமில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வெயிலே மெலனினைத் தூண்டுகிறது. சன்ஸ்கிரீன் தடவாமல் வெயிலில் அலைந்தால், எந்தச் சாறு பூசியும் கருந்திட்டு திரும்ப வரும்.