காலி வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மகனுக்காகக் காஜாங்கில் கொண்டோமினியம் வீடு ஒன்று வாங்கினேன். அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. மாதம் 308 ரிங்கிட் கேட்கிறார்கள். அதே மாடியில் இன்னொருவருக்கு 242தான். லிஃப்ட்டும் அடிக்கடி பழுது. எட்டு மாதமாக நான் கட்டவில்லை. இப்போது ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கிள்ளான்

பதில்: கட்டத்தான் வேண்டும் ஐயா. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி இந்தக் கட்டணம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்பது கணக்கில் வராது. நீங்கள் பூட்டிவிட்டுப் போனாலும் காவலாளிக்குச் சம்பளம் உண்டு, கட்டடத்துக்குக் காப்புறுதி உண்டு. நீங்கள் கட்டாத பங்கை அண்டை வீட்டார் சுமக்கிறார்கள்.

தொகை ஏன் வேறுபடுகிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு அலகு உண்டு. வீட்டின் பரப்பளவும் அதோடு சேர்ந்த கார் நிறுத்துமிடமும் அதைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் அனுப்பிய ரசீதில் 112 அலகு, அலகுக்கு 2.50 ரிங்கிட் என்றிருக்கிறது. அது 280. அதில் 10 விழுக்காடு, அதாவது 28 ரிங்கிட், சிங்கிங் ஃபண்டுக்கு. மொத்தம் 308. அதே மாடியில் இருக்கும் அந்த இன்னொருவரின் வீட்டுக்கு 88 அலகு இருந்தால் கணக்கு 242தான் வரும்.

அந்த 28 ரிங்கிட்டைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்துக்குச் சாயம் பூசுவது போன்ற பெரிய செலவுகளுக்கான தனிக் கணக்கு அது. லிஃப்ட் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு நிலுவை இருந்தால் வாக்களிக்க முடியாது. கட்டாமல் நிறுத்தியதால் உங்கள் குரலை நீங்களே இழந்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கெடு தாண்டினால், தகுந்த காரணமின்றிக் கட்டாதது குற்றம்: 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தாமத வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை ஏறலாம்.

நிலுவை 2,464 ரிங்கிட். மொத்தமாக முடியாவிட்டால், கெடுவுக்குள் ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். அதன்பிறகும் லிஃப்ட் சரியாகாவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞரை அனுமதிப்பதில்லை, நீங்களே பேசலாம். பழுதான நாள்களைத் தேதியோடு இப்போதே குறித்து வையுங்கள்.