தகரம் அடித்த தெருவும் காலியான நாற்காலியும்

கேள்வி: 2020 ஊரடங்கில் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். முறையிட வார்டு கவுன்சிலரே இல்லையே, ஏன்?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உட்படத் தமிழக நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் எல்லாம் தனி அலுவலர் கையில். உங்களைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்ததால், அங்கே ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவையாவது தட்ட முடிந்தது.

ஆடிப்பூரத்துக்குக்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெரிய தேர் வீதிக்கு வராத அந்த 2020ஆம் ஆண்டில், நகரங்களைத் தாங்கியவர்கள் சாதாரண மனிதர்கள். விடியலில் பிளீச்சிங் பவுடர் தூவிய தூய்மைப் பணியாளர், தடுப்புக்கு மேலாகக் காய்கறிப் பையை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரர், கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்த இளைஞர்கள். அவர்களை வணங்குகிறேன்.

ஆனால் நல்ல மனசு ஒரு மன்றத்துக்கு ஈடாகாது. எந்த வீட்டில் மாத்திரை தீர்ந்தது, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பது வார்டில் வாழ்பவருக்குத்தான் தெரியும். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம். அடுத்த முறை தேர்தல் தள்ளிப்போனால், தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள்.