பௌத்தம் சார்ந்த உளச்சிகிச்சை யாருக்குப் பயன் தரும்?

“மாத்திரைக்குப் பதிலாகத் தியானம் செய்யலாமா, டாக்டர்?” என்னும் வினாவை எங்கள் மனநலப் பிரிவில் பெரும்பாலும் நோயாளி கேட்பதில்லை, உடன் வரும் கணவரோ தாயாரோதான் கேட்கின்றனர். அக்கறையால் எழும் இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நோயாளி இப்போது எந்நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

எழும் எண்ணங்களை விலக்காமலும் பற்றிக்கொள்ளாமலும் கவனிக்கும் பயிற்சி பௌத்த மரபில் உண்டு. பாலி மொழியில் அதற்குச் ‘சதி’ என்று பெயர். (தமிழில் அச்சொல் தரும் பொருளை எண்ணி அஞ்ச வேண்டா, இது ‘ஸ்மிருதி’ என்னும் வடசொல்லுக்கு உறவு.) 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் இதனைச் சமயச் சடங்குகளின்றி, நாட்பட்ட வலியால் வருந்துவோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இதில் சேர எவரும் தம் சமயத்தை விட வேண்டியதில்லை.

பின்னர் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகியோர் இப்பயிற்சியை மனச்சோர்வு நோய்க்கென எட்டு வாரப் பாடமாக அமைத்தனர். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில் பங்கேற்ற 145 பேரும் நோயிலிருந்து மீண்டு நலமாக இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தவர்களுள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டும் நோயுற்றிருந்தவர்களுக்கோ பயன் தென்படவில்லை. பலமுறை நோயுற்றவரின் மனத்தில் சிறு வருத்தமும் “நான் எதற்கும் உதவாதவன்” என்னும் பழைய தடத்தில் எளிதாக இறங்கிவிடுகிறது. அது வெறும் எண்ணமே, உண்மையன்று என இனங்காணப் பழகுவதே இப்பாடத்தின் பயன் என்று அவர்கள் கருதினர்.

கடும் மனச்சோர்வில், உறக்கமும் பசியும் இழந்து கிடப்பவரின் நிலை வேறு. அவரால் ஒரு நாளிதழ்ச் செய்தியைக்கூட முழுதாகப் படிக்க முடியாது. அவரைக் கண்மூடி அமரச் சொன்னால், “இதுவும் எனக்குக் கைகூடவில்லை” என்னும் குற்றவுணர்வே மிஞ்சும். அவருக்கு முதலில் வேண்டியவை மருந்தும் பாதுகாப்பும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பின் உடனே அழைத்து வாருங்கள்; இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. மனச்சிதைவு, பித்துநிலை, கொடிய நிகழ்வுகளின் வடு ஆகியவை உடையோர் மருத்துவரைக் கேளாமல் பத்து நாள் மௌன முகாம்களுக்குச் செல்வதை நாங்கள் ஏற்பதில்லை.

தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்வோருக்கு மார்ஷா லினஹான் வகுத்த சிகிச்சையும் ஜென் பௌத்தத்திடம் கடன்பட்டது. அது நீண்ட காலத் தனிப் பயிற்சியையும் குழுப் பயிற்சியையும் கொண்டது.

மாத்திரையைப் பற்றி: 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 424 பேருள் ஒரு சாரார் மருந்தைத் தொடர்ந்தனர், மறுசாரார் எட்டு வாரப் பயிற்சியுடன் மருந்தைக் குறைத்து நிறுத்த உதவி பெற்றனர். இரண்டாண்டுகளில் நோய் திரும்பியோர் முறையே 47, 44 விழுக்காட்டினர், பெரிய வேறுபாடில்லை. ஆயினும் அங்கு மருந்து குறைக்கப்பட்டது மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக. வீட்டில் தாமாக நிறுத்துவது அதற்கு ஈடாகாது.

பயிற்சியில் சேர விரும்புவோர், இதற்குமுன் எத்தனை முறை, எந்தெந்த ஆண்டில் நோய் வந்தது என்பதை எழுதிக் கொண்டுவருக. இதில் குடும்பத்தாரின் நினைவு எங்களுக்குப் பெரிதும் உதவும்.