ஒலுவில் கெம்பஸில் ஆய்வு வேலைக்கும் மாணவர் நலன் வேலைக்கும் விண்ணப்பிக்கும் முறை

ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை விளம்பரம் வந்ததும் மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை பட்டதாரிகள் இருக்கிற வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அங்க நமக்கு யாரத் தெரியும்?" என்பதுதான். வாப்பா ஒருவரைப் பிடிப்பார், மாமா இன்னொருவரைப் பிடிப்பார், பாராளுமன்ற உறுப்பினரிடம் கடிதம் எடுக்க ஒரு நாள் போகும். கடைசித் திகதிக்கு முந்திய இரவுதான் விண்ணப்பம் எழுத உட்காருவார்கள். அது நிராகரிக்கப்பட்டதும் "நமக்கு ஆள் இல்ல" என்று முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் காட்டிய விண்ணப்பங்களை வாசித்துப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலானவை தகைமைப் பந்தியிலேயே விழுந்துவிடுகின்றன. அந்தப் பந்திக்கு எந்தக் கடிதமும் பதிலாகாது. சிபாரிசு தேடினால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று பல விளம்பரங்களில் ஒரு வரியே இருக்கும்.

1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இது. அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் பாடுபட்டு இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார். நம் பிள்ளைகள் அங்கே படித்து வெளியேறினால் மட்டும் போதாது. அதன் ஆய்விலும் மாணவர் பராமரிப்பிலும் அவர்கள் வேலை செய்ய வேண்டும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. விளம்பரத்தைப் பிடியுங்கள்

பல்கலைக்கழகத்தின் இணையத்தளம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம், தினகரன் வாரமஞ்சரி, ஞாயிறு வீரகேசரி, சண்டே ஒப்சேவர். இவற்றைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்காலிகப் பதவிகள் பத்திரிகைக்கு வராமல் இணையத்தளத்தோடு முடிந்துவிடுவதும் உண்டு. வட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அதில் பாதி வெட்டுப்பட்டிருக்கும், வெட்டுப்பட்ட பாதியில்தான் தகைமை இருக்கும். மூல விளம்பரத்தை இறக்கி, அச்செடுத்து, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்த வேலை என்று பிரித்தறியுங்கள்

ஆய்வு உதவியாளர் பதவி ஓர் ஆய்வு நிதியோடு கட்டுப்பட்டது. நிதி முடிந்தால் வேலையும் முடியும். உங்களைத் தெரிவு செய்வதில் அந்த ஆய்வை நடத்தும் விரிவுரையாளரின் தேவைதான் பெரிதாக நிற்கும். சிலவற்றில் முதுதத்துவமாணிப் பதிவும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் சம்பளம் குறைவென்று விட்டுவிடாதீர்கள்.

தற்காலிக உதவி விரிவுரையாளர், டெமொன்ஸ்ரேற்றர் பதவிகள் துறையோடு சேர்ந்தவை: வகுப்பு, ஆய்வுகூடம், பரீட்சை வேலை. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது, மற்ற ஐந்து பீடங்களும் ஒலுவிலில். எங்கே வேலை என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர் நலன் பக்கத்தில் விடுதி உப காப்பாளர், தொழில் வழிகாட்டல் பிரிவு, மாணவர் ஆலோசனை, மாணவர் நலச் சேவை ஆகிய இடங்களில் வேலை வரும். உப காப்பாளருக்கு இரவிலும் விடுதியில் தங்க வேண்டிவரும். தங்கச்சிமார் இதை வீட்டில் பேசி முடித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். நியமனக் கடிதம் வந்த பிறகு வாப்பா "ராவைக்கு ஊட்டுக்கு வா" என்றால் அந்த இடம் வீணாகும், அடுத்த பிள்ளைக்கும் அது கிடைக்காமல் போகும்.

3. தகைமைப் பந்தியை வாசிக்கும் விதம்

நம் பிள்ளைகள் விழுகிற இடம் இதுதான். மெதுவாக வாசியுங்கள்.

தகைமைப் பந்தி பெரும்பாலும் (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். இடையில் "அல்லது" இருக்கிறதா, "அத்துடன்" இருக்கிறதா என்று சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். "அல்லது" என்றால் ஒன்று போதும். "அத்துடன்" என்றால் எல்லாம் வேண்டும். (அ)வில் முதலாம் வகுப்பு கேட்டிருப்பதைக் கண்டு மூடி வைத்துவிட்டு, (இ)யில் தனக்கே இடம் இருந்ததைப் பிறகு அறிந்து வருந்தியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எந்த உட்பிரிவின் கீழ் தகுதி பெறுகிறீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்: "விளம்பரத்தின் (ஆ) உட்பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறேன்." விண்ணப்பங்களைப் பிரிக்கும் கந்தோர் உத்தியோகத்தர் உங்கள் பட்டத்தை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் இலகு, உங்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்து, விசேட பட்டமா பொதுப் பட்டமா என்று பாருங்கள். கேட்டது விசேட பட்டம் என்றால் பொதுப் பட்டத்தை வைத்து "பரவாயில்லை, போட்டுப் பார்ப்போம்" என்று போடாதீர்கள். அதே நேரத்தை உங்களுக்குப் பொருந்தும் அடுத்த விளம்பரத்துக்குக் கொடுங்கள்.

"தொடர்புடைய துறை" என்ற சொல் வந்தால் பட்டத்தின் பெயர் மட்டும் போதாது. பெறுபேற்றுப் பட்டியலை எடுத்து, அந்தப் பதவிக்குப் பொருந்தும் பாடங்களைத் தனியே எழுதிக் காட்டுங்கள். புவியியல் பட்டதாரி ஒருவர் கரையோர முகாமைத்துவ ஆய்வுக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியியல் தகவல் முறைமை, புள்ளிவிபரவியல், சூழலியல் என்று அவர் படித்த பாடங்களையும் எடுத்த தரத்தையும் நான்கு வரியில் எழுதினால் தொடர்பு தெரிந்துவிடும். எழுதாவிட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு திகதி. தகைமை, விளம்பரத்தின் கடைசித் திகதியில் முழுமையாக இருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா எப்போது என்பது முக்கியமில்லை, பட்டம் செல்லுபடியாகும் திகதிதான் முக்கியம். அது உங்கள் சான்றிதழிலோ பெறுபேற்றுக் கடிதத்திலோ இருக்கும். "பட்டத்துக்குப் பின்னரான அனுபவம்" கேட்டால் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும். மூன்றாம் வருடத்தில் செய்த வேலையை அதற்குள் சேர்த்தால் விண்ணப்பம் முழுவதன் மீதும் சந்தேகம் வரும்.

இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மௌலவிச் சான்றிதழை மேலதிகத் தகைமையாகப் போடுங்கள், பட்டத்தின் இடத்தில் போடாதீர்கள். மதீனாவிலோ எகிப்திலோ மலேசியாவிலோ எடுத்த பட்டம் என்றால் மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதத்தை இப்போதே எடுத்துவையுங்கள். விளம்பரம் வந்த பிறகு கொழும்புக்கு ஓடினால் நேரம் காணாது.

4. அனுபவத்தை வேலையாக எழுதுங்கள்

"ஆய்வு அனுபவம் உண்டு", "குழுவாக வேலை செய்வேன்", "கடின உழைப்பாளி." இந்த மூன்றையும் இன்றே வெட்டிவிடுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிற வரிகள் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லா.

இறுதியாண்டு ஆய்வு செய்தவர்கள் எல்லோரிடமும் அனுபவம் இருக்கிறது. அதைப் பிரித்து எழுதத்தான் தெரியவில்லை. எங்கே, எத்தனை பேரிடம், எந்த முறையில், எதை வைத்துப் பகுத்தீர்கள், என்ன கிடைத்தது? இந்த ஐந்துக்கும் விடை எழுதுங்கள். "நிந்தவூரில் 60 வீடுகளில் வினாக்கொத்து நிரப்பினேன், தரவை எஸ்.பி.எஸ்.எஸ். இல் ஏற்றிப் பகுத்தேன், 8 பேருடன் ஆழமான நேர்காணல் செய்து எழுத்தாக்கினேன்" என்பது போல உங்கள் உண்மையான எண்ணிக்கையைப் போடுங்கள். செய்யாததை எழுதாதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஊரில் பிறந்து வளர்ந்ததும் ஒரு திறமை. 2004 சுனாமிக்குப் பின்னரான மீள்குடியேற்றம், மருதமுனைக் கைத்தறி, ஒலுவில் துறைமுகத்துக்குப் பிறகு வந்த கடலரிப்பு என்று இந்தக் கரையில் ஆய்வுக்குரிய விடயங்கள் நிறைய உண்டு. இவற்றுக்குக் களத்தில் இறங்கி, உம்மாமாரிடமும் மீனவர்களிடமும் அவர்கள் பேச்சிலேயே கேட்டு எழுதக்கூடியவர் வேண்டும். "சாய்ந்தமருது, ஒலுவில் மீனவர்களிடம் தமிழில் தரவு சேகரித்து ஆங்கிலத்தில் அறிக்கை தருவேன்" என்று எழுதுங்கள். அதைக் கொழும்பிலிருந்து வரும் விண்ணப்பதாரி இலகுவாக எழுத முடியாது.

மாணவர் நலன் வேலைக்கும் இதே விதிதான். மாணவர் சங்கத்தில் செயலாளராக இருந்தேன் என்பதோடு நிறுத்தாமல், புதிய மாணவர்களுக்கு என்ன ஒழுங்கு செய்தீர்கள், யாருடைய எந்தப் பிரச்சினையை யாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தீர்கள் என்று, பெயர்களைச் சொல்லாமல் எழுதுங்கள். சிங்களம் பேச வருமென்றால் அதை மேலேயே போடுங்கள். விடுதிகளில் நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இராத்திரியில் காய்ச்சலோடு அழுகிற பிள்ளை தன் மொழியில்தான் அழும்.

விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கொமினிகேசன் கடையில் இருக்கிற மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அனுபவப் பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

5. பெயரைச் சரிபாருங்கள்

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் வேறொன்று. "முஹம்மது", "மொஹமட்", "முகம்மது" என்று நம் ஊர்களில் இது வழமை. வாப்பாவின் பெயரிலும் இதே குழப்பம் வரும். வித்தியாசம் இருந்தால் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள். நேர்முகக் குழுவினர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

6. அனுப்புங்கள்

சான்றிதழ்ப் பிரதிகளை விளம்பரம் கேட்ட வரிசையிலேயே அடுக்குங்கள். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர். பதிவுத் தபால். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அரச வேலையில் இருப்பவர்கள் நிறுவனத் தலைவர் ஊடாகவே அனுப்ப வேண்டும். அவருடைய கையெழுத்துக்கு நாள் போகும் என்பதால் விண்ணப்பத்தை நேரகாலத்தோடு அவரிடம் கொடுங்கள். கடைசித் திகதி என்பது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டிய திகதி.

7. நேர்முகம்

ஆய்வு வேலை என்றால் அந்த விரிவுரையாளரின் இரண்டு கட்டுரைகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள். பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வரங்கக் கட்டுரைகளும் "கலம்" போன்ற ஆய்விதழ்களும் கிடைக்கும், காசு கேட்காது. உங்கள் சொந்த ஆய்வின் குறைபாடு என்ன என்று கேட்பார்கள். "குறை ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். மாதிரி சிறிது, ஒரு ஊரில் மட்டும் செய்தேன் என்று நேராகச் சொல்லுங்கள்.

உப காப்பாளர் வேலை என்றால் பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்திருக்க வேண்டும். அது சில பக்கங்கள்தான். நள்ளிரவில் ஒரு பிள்ளை பகிடிவதைக்கு ஆளாகி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பிள்ளையைப் பாதுகாப்பான அறைக்குக் கொண்டுபோதல், காயம் இருந்தால் வைத்தியம், விடுதிக் காப்பாளருக்கு உடனே அறிவித்தல், நடந்ததை நேரத்தோடு எழுதிவைத்தல் என்று வரிசையாகச் சொல்லுங்கள். "ரெண்டு பேரையும் சமாதானமாக்கி விடுவேன்" என்பது பிழையான விடை. அது பாதிக்கப்பட்ட பிள்ளையை மறுபடி அதே கைகளில் கொடுப்பதாகும். மஹாபொல, பேசரி உதவித்தொகைகள் பற்றியும் தெரிந்திருங்கள். மாணவர் நலன் கந்தோருக்கு வருகிற பிள்ளைகள் அவற்றை அடிக்கடி கேட்பார்கள்.

8. கிடைத்த பிறகு

நியமனக் கடிதத்தில் முடிவுத் திகதியைப் பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே அடுத்த விளம்பரத்தைத் தேடத் தொடங்குங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று மாதாமாதம் குறித்துவையுங்கள். சேகரித்த தரவு, எழுதிய அறிக்கை, நடத்திய நிகழ்வு எல்லாம் அதில் வரட்டும். விலகும் நாளில் சேவைச் சான்றிதழ் கேட்டு எடுங்கள். பதவி, தொடக்கம், முடிவு, கடமைகள் நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது, "பட்டத்துக்குப் பின்னரான அனுபவம்" என்ற வரிக்கு எதிரே வைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தச் சான்றிதழ்தான்.