கொரங்காட்டுப் புல்லுக்கு ஓய்வு

காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்கிறோம். கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும், சுற்றிலும் கிளுவை உயிர்வேலியும் கொண்ட இந்நிலமே காங்கேயம் மாடுகளை வளர்த்தது. வேலி செம்மையாயிருப்பின் மேய்ப்பவர் உடனிருக்க வேண்டுவதில்லை.

கொழுக்கட்டைப் புல் ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு நிற்கும். ஆயினும் மழைக்குத் தளிர்த்தவுடனே மாட்டை விடுவோமாயின் வேர் வலுப்பெறாது. விதை உதிரவும் வழியில்லை. ஆகவே காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, மாறிமாறி மேய்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒரு பகுதியையேனும் விதை முற்றி உதிரும்வரை மூடி வைப்பது நலம். வெள்வேலை வெட்டற்க, கோடையில் அதன் காய் தீவனமாகும்.

மழை பொய்த்த ஆண்டில்தான் நம்மவர் பிழை செய்கின்றனர். சந்தையில் விலை இறங்கிற்றென்று, கழிக்க வேண்டிய மாட்டையும் காட்டிலேயே விட்டு வைக்கிறோம். மாடும் இளைக்கிறது, புல்லும் தூரோடு போகிறது. அடுத்த மழைக்கு முளைப்பவை மாடு தீண்டாத களைகளே. கழிக்கும் மாட்டை உடற்கட்டு உள்ளபோதே விற்றுவிடலாம். மற்றவற்றை, புல்லின் தூர் வெளியே தெரியத் தொடங்கிய அன்றே கட்டுத்தரைக்குக் கொணர்ந்து சோளத்தட்டுப் போடுக.