இரண்டு டிஸ்க், ஒரே கிடங்கு: லினக்ஸில் வால்யூம் குரூப் அமைப்போம்

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்தியது. அதன் பிறகு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்து பார்த்த வாசகர்கள் பலர் இருப்பீர்கள். கூடவே, சும்மா கிடந்த ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் எடுத்து உள்ளே மாட்டியிருப்பீர்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரியும். ஒரு டிஸ்க் போட்டோக்களால் நிரம்பி வழியும். இன்னொன்றில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் அந்தக் காலி இடத்தை இந்த டிஸ்க்குக்குக் கொடுக்க முடியாது.

இதற்கு லினக்ஸில் உள்ள வசதிதான் எல்விஎம். லாஜிக்கல் வால்யூம் மேனேஜர் என்பதன் சுருக்கம் இது. ஹெய்ன்ஸ் மவுல்ஸ்ஹாகன் என்பவர் 1998ல் இதை லினக்ஸிற்காக எழுதினார். சர்வர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். ஆறேழு கட்டளைகளைக் கற்றுக்கொண்டால் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நன்றாகப் பயன்படும். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இடத்தைச் சேர்த்துத் தரும் வசதி. தகவலைக் காப்பாற்றும் வசதி அல்ல. இந்த வேறுபாடு புரியாமல் குடும்பப் போட்டோக்களை இதில் போட்டால் ஒருநாள் வருந்த வேண்டியிருக்கும்.

மூன்று அடுக்குகள்

மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழாயால் இணைத்துவிட்டால், கீழே குழாயைத் திறப்பவருக்குத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியதில்லை. எல்விஎம் செய்வதும் இதுதான்.

பிசிகல் வால்யூம்: எல்விஎம் பயன்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்ட டிஸ்க் அல்லது பார்ட்டிஷன். இது ஒரு தொட்டி.

வால்யூம் குரூப்: பல பிசிகல் வால்யூம்களைச் சேர்த்த பொதுக் கிடங்கு. இணைத்த தொட்டிகள் இவை.

லாஜிக்கல் வால்யூம்: அந்தக் கிடங்கிலிருந்து நாம் வெட்டி எடுக்கும் பகுதி. பார்ட்டிஷன் போலவே இதை பார்மட் செய்து பைல்களை வைக்கலாம்.

வால்யூம் குரூப் தன்னிடம் உள்ள இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். மாறா நிலையில் ஒரு துண்டின் அளவு 4 எம்பி. லாஜிக்கல் வால்யூமைப் பெரிதாக்குவது என்றால், காலியான துண்டுகளில் சிலவற்றை அதன் கணக்கில் சேர்ப்பதுதான். அதனால்தான் பக்கத்தில் இடம் இல்லாவிட்டாலும், வேறு டிஸ்க்கிலிருந்துகூட இடம் எடுக்க முடிகிறது.

கட்டளைகளைப் படிக்கும் முறை

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் தந்துள்ளேன். நீங்கள் டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். "பிவிகிரியேட்" என்றால் பி, வி என்ற இரு எழுத்துகளுடன் கிரியேட் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி இல்லாமல். "எஸ்டிபி" என்றால் எஸ், டி, பி என்ற மூன்று எழுத்துகள். கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாம் உள்ளபடியே வர வேண்டும். முன்னால் வரும் "சூடோ" நிர்வாகி உரிமையைத் தருவது, பாஸ்வேர்ட் கேட்கும்.

உபுண்டு, மின்ட், டெபியன் பயன்படுத்துவோர் முதலில் இதைக் கொடுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்விஎம்2

முதல் படி: எந்த டிஸ்க் என்று உறுதி செய்யுங்கள்

எல்எஸ்பிஎல்கே

என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். டிஸ்க்குகளின் பெயரும் அளவும் வரிசையாகத் தெரியும். நம் பாடத்தில், லினக்ஸ் இருக்கும் டிஸ்க் எஸ்டிஏ. புதிதாகச் சேர்க்கும் 1 டிபி டிஸ்க் எஸ்டிபி. 500 ஜிபி டிஸ்க் எஸ்டிசி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் பெயர்கள் மாறலாம். 1 டிபி டிஸ்க்கிற்கு 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். லினக்ஸ் 1024 ஆக எண்ணுகிறது.

மவுன்ட் பாயின்ட் என்ற பத்தி வெறுமையாக இருந்தால் அந்த டிஸ்க் காலி என்று எண்ணிவிடாதீர்கள். பழைய விண்டோஸ் டிஸ்க்கும், திறக்காத வரையில், அப்படித்தான் தெரியும். எனவே இதையும் கொடுத்துப் பாருங்கள்:

எல்எஸ்பிஎல்கே --எப்எஸ்

என்டிஎப்எஸ், எக்ஸ்பாட் என்று ஏதாவது தெரிந்தால் உள்ளே பைல்கள் இருக்கக்கூடும். திறந்து பார்த்து, வேண்டியதை வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அடுத்த கட்டளையோடு அந்த டிஸ்க்கில் இருந்த பைல்களை அடையும் வழி போய்விடும். ரீசைக்கிள் பின் எல்லாம் இங்கே கிடையாது.

பயமாக இருந்தால் முதலில் இரண்டு பழைய பென் டிரைவ்களில் பழகிப் பாருங்கள். கட்டளைகள் அதேதான். 300 ஜிபி என்ற இடத்தில் 2 ஜிபி என்று கொடுத்தால் போதும்.

இரண்டாம் படி: டிஸ்க்கைத் தயார் செய்தல்

சூடோ பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிசி

டிஸ்க்கில் ஏற்கெனவே பார்ட்டிஷன் இருந்தால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். "ஒருமுறை யோசியுங்கள்" என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. மீண்டும் எல்எஸ்பிஎல்கே கொடுத்துச் சரிபாருங்கள். அழிக்கலாம் என்று உறுதியானால் மட்டும்,

சூடோ வைப்எப்எஸ் --ஆல் /டெவ்/எஸ்டிபி

என்று கொடுத்துவிட்டு மறுபடி பிவிகிரியேட் கொடுங்கள். வைப் என்பது துடைப்பது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். அதோடு எப், எஸ் எழுத்துகள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று செய்தி வந்தால், டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் அதை அன்மவுன்ட் செய்துவிட்டு முயலுங்கள்.

மூன்றாம் படி: வால்யூம் குரூப்

குரூப்பிற்கு ஒரு பெயர் வேண்டும். நான் "வீடு" என்று வைக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் எந்த ஸ்பெல்லிங்கில் வைத்தாலும் சரி. கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்.

சூடோ விஜிகிரியேட் வீடு /டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிசி

முடிந்தது. இப்போது,

சூடோ விஜிஎஸ்

என்று கொடுத்தால் குரூப்பின் பெயர், அதில் உள்ள டிஸ்க்குகளின் எண்ணிக்கை, மொத்த அளவு, காலி இடம் எல்லாம் ஒரே வரியில் வரும். நம் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 1397 ஜிபி அளவுக்கு இருக்கும். திரையில் 1.36 டிபி என்று தெரியும்.

நான்காம் படி: வெட்டி எடுத்துப் பயன்படுத்துதல்

போட்டோக்களுக்காக "படம்" என்ற பெயரில் 300 ஜிபி எடுப்போம். ஜிபிக்கு "ஜி" என்ற எழுத்து மட்டும் போதும்.

சூடோ எல்விகிரியேட் --சைஸ் 300ஜி --நேம் படம் வீடு /டெவ்/எஸ்டிபி

கடைசியில் டிஸ்க்கின் பெயரைக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். அது கட்டாயம் அல்ல. ஆனால் கொடுத்தால் இந்த வால்யூம் முழுவதும் அந்த ஒரு டிஸ்க்கிலேயே அமையும். ஏன் என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். அடுத்து பார்மட் செய்யுங்கள்:

சூடோ எம்கேஎப்எஸ்.எக்ஸ்ட்4 /டெவ்/வீடு/படம்

இங்கே எக்ஸ்ட் என்பது ஈ, எக்ஸ், டி என்ற மூன்று எழுத்துகள். பிறகு ஒரு போல்டர் உருவாக்குங்கள்:

சூடோ எம்கேடிஐஆர் /படம்

கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் இது தானாக இணைய வேண்டும் அல்லவா? அதற்கு,

சூடோ நானோ /இடிசி/எப்எஸ்டேப்

என்று கொடுத்து, திறக்கும் பைலின் கடைசியில் இந்த வரியைச் சேருங்கள். மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம்.

/டெவ்/வீடு/படம் /படம் எக்ஸ்ட்4 டீபால்ட்ஸ்,நோபெயில் 0 2

டேப் என்பது டி, ஏ, பி. டீபால்ட்ஸ் பன்மைச் சொல். கடைசியில் எஸ் உண்டு. நோபெயில் ஒரே சொல்லாக வர வேண்டும். அது இருந்தால், என்றாவது டிஸ்க் கிடைக்காமல் போனாலும் கம்ப்யூட்டர் பாதியில் நிற்காமல் இயங்கும். கன்ட்ரோல் கீயுடன் ஓ தட்டி, என்டர் தட்டிச் சேமியுங்கள். கன்ட்ரோல் கீயுடன் எக்ஸ் தட்டி வெளியே வாருங்கள். பின்னர்,

சூடோ மவுன்ட் --ஆல்

பிழைச் செய்தி எதுவும் வராவிட்டால் எல்லாம் சரி. புதிய வால்யூம் நிர்வாகி பெயரில் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்ற, சிஎச்ஓடபிள்யூஎன் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். சூடோ, அந்தக் கட்டளை, உங்கள் லாகின் பெயர், /படம் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும்.

இடம் போதவில்லையா?

ஆறு மாதத்தில் போட்டோக்கள் நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பைல்களை நகர்த்த வேண்டாம். மவுன்டையும் நீக்க வேண்டாம். ஒரே வரி போதும்:

சூடோ எல்விஎக்ஸ்டெண்ட் --ரீசைஸ்எப்எஸ் --சைஸ் +100ஜி /டெவ்/வீடு/படம் /டெவ்/எஸ்டிபி

300 ஜிபி இப்போது 400 ஜிபி ஆகிவிட்டது. கூட்டல் குறியை மறக்காதீர்கள். "இன்னும் 100 சேர்" என்பதற்கு அடையாளம் அதுதான்.

பெரிதாக்குவது இவ்வளவு எளிது. சிறிதாக்குவது அப்படி அல்ல. எக்ஸ்ட்4 வால்யூமை அன்மவுன்ட் செய்துதான் சுருக்க வேண்டும். கணக்கு தவறினால் பைல்கள் பாழாகும். எனவே என் பரிந்துரை, முதலிலேயே எல்லா இடத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். தேவையான அளவு மட்டும் எடுத்து, மீதியைக் கிடங்கிலேயே விட்டுவையுங்கள். எல்விஎம்மின் பலமே அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமானால்

டிஸ்க்ஸ் புரோகிராமில் ஸ்மார்ட் சோதனை பார்த்தபோது, பழைய 500 ஜிபி டிஸ்க்கில் குறை தெரிகிறது என்று கொள்வோம். புதிய டிஸ்க் ஒன்றை மாட்டுங்கள். அதன் பெயர் எஸ்டிடி என்றால், கட்டளைகள் வரிசையாக இவை:

சூடோ பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிடி
சூடோ விஜிஎக்ஸ்டெண்ட் வீடு /டெவ்/எஸ்டிடி
சூடோ பிவிமூவ் /டெவ்/எஸ்டிசி /டெவ்/எஸ்டிடி
சூடோ விஜிரெடியூஸ் வீடு /டெவ்/எஸ்டிசி

மூன்றாவது கட்டளை பழைய டிஸ்க்கில் உள்ளதைப் புதியதற்கு மாற்றும். நேரம் பிடிக்கும், அதற்குள் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். நான்காவது கட்டளைக்குப் பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றலாம். மறுமுறை இயக்கும்போது எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் இடம் மாறியிருக்கலாம். எல்விஎம் டிஸ்க்கில் எழுதிய தனி அடையாளத்தைக் கொண்டு கண்டுகொள்வதால் குழம்பாது. குழம்பக்கூடியது நாம்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் எல்எஸ்பிஎல்கே பார்த்துவிட்டே கட்டளை கொடுங்கள்.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கை

மீண்டும் அந்தத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வருவோம். இணைத்த தொட்டிகளில் ஒன்றின் அடியில் ஓட்டை விழுந்தால், இரண்டில் உள்ள தண்ணீரும் போய்விடும். இங்கும் அப்படித்தான். ஒரு லாஜிக்கல் வால்யூம் இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்து, ஒரு டிஸ்க் செயலிழந்தால், அந்த வால்யூம் முழுவதுமே போய்விடலாம்.

ஒரு டிஸ்க் ஓராண்டில் கெட்டுப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பு நூற்றுக்கு 9.75. ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் கட்டளையின் கடைசியில் டிஸ்க் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். எந்த வால்யூம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்க்க,

சூடோ எல்விஎஸ் --ஆப்ஷன்ஸ் +டிவைசஸ்

என்று கொடுங்கள். முக்கியமானவற்றை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதிவைக்கவும் வழி உண்டு:

சூடோ எல்விகிரியேட் --டைப் ரெய்ட்1 --மிர்ரர்ஸ் 1 --சைஸ் 100ஜி --நேம் முக்கியம் வீடு

100 ஜிபிக்கு 200 ஜிபி இடம் செலவாகும். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும். ஆனால் நீங்களே தவறுதலாக ஒரு பைலை அழித்தால் இரண்டிலும்தான் அழியும். ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி பீரோவில் வைக்கும் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். அந்த டிஸ்க்கை வால்யூம் குரூப்பில் சேர்க்கவே கூடாது.

அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எல்விஎம் டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. "இனிஷியலைஸ் செய்யவா?", "பார்மட் செய்யவா?" என்று கேட்டால் கேன்சல் கொடுத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பழகிய பென் டிரைவ்களில் உள்ளதை நீக்க, முதலில் எப்எஸ்டேப் பைலில் சேர்த்த வரியை எடுத்துவிட்டு, வால்யூமை அன்மவுன்ட் செய்யுங்கள். பிறகு எல்விரிமூவ், விஜிரிமூவ், பிவிரிமூவ் என்ற வரிசையில் கொடுங்கள். உருவாக்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை இது. இரண்டு முறை உருவாக்கி, இரண்டு முறை நீக்கிப் பாருங்கள். கை பழகிய பிறகு, பேக்கப்பும் எடுத்த பிறகு, உண்மையான டிஸ்க்கில் தொடங்குங்கள்.